மைலும் கல்லும்

ரோமாபுரியின் தெற்கேயுள்ள புனித செபாஸ்தியன் வாயிலைக் கடந்து, அப்பியா நெடுஞ்சாலையில் பிரயாணம் தொடங்குகிறவன் சிறிது தூரத்திலேயே ஒரு கல்தூணைக் காண்பான். அது அச்சாலையின் முதல் மைல் கல்லின் நகல். 1584-இல் கண்டெடுக்கப்பட்ட மூலத் தூணைக் கபிடோலியக் குன்றிற்குக் கொண்டுபோய்விட்டார்கள். நாம் நித்தியம் வழங்கும் 'மைல்' என்ற சொல்லின் பிறந்தகம் இத்தகைய சாலைகளே.

லத்தீன் மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். 'பாஸூஸ்' என்றால் நடையளவு. இடக்கால் பெயர்ந்து, வலக்கால் பதிந்து, மீண்டும் இடக்கால் நிலத்தைத் தொடும் வரையில் ஆவது ஒரு 'பாஸூஸ்'. அதற்கு அவர்கள் கணக்கில் ஐந்து அடி. அணிவகுத்துச் செல்லும் சைன்யம் இவ்வாறு ஆயிரம் முறை கால் பெயர்த்தால் கடக்கும் தூரம், இக்காலத்து அளவில் ஏறக்குறைய 1,480 மீட்டர். ஆயிரங்கள் என்று பொருள்படும் 'மீலியா' என்ற பன்மையையே வடபுலத்து ஜெர்மானிய இனத்தார் கடன் வாங்க, அது ஆங்கிலேயர் நாவில் 'மைல்' ஆகி நம்மிடம் வந்தது. எண் மட்டும் எஞ்சி நிற்க, நடந்த கால் சொல்லிலிருந்து மறைந்துபோயிற்று. 1593-இல் இங்கிலாந்தின் பார்லிமெண்டு, உழவனுடைய படைச்சாலின் நீளத்திலிருந்து பிறந்த பர்லாங்கு எட்டுக்குப் பொருந்துமாறு மைலை 5,280 அடியாக நீட்டியபோது, போர்வீரனின் ஆயிரம் ஏருக்கு இணங்கியது என்று எண்ணுவதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

அப்பியா சாலை பிறந்தது யுத்தத்திற்காகவே. கி.மு. 312-இல், சாம்னியர் என்ற இனத்தாரோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், படையும் தானியமும் தடையின்றிச் செல்லும்பொருட்டு அப்பியுஸ் கிளாடியுஸ் என்ற அதிகாரி இதனைக் கபுவா நகர் வரையில் அமைத்தான். பின்வந்தோர் பிரிந்திசித் துறைமுகம் வரையில் நீட்டினர். குடை விரித்தாற்போன்ற பைன் மரங்களும், சிதைந்த கல்லறைகளும், தேய்ந்து மெருகேறிய கரிய எரிமலைக் கற்களும் இன்று கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆயினும் கி.மு. 71-இல், ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சியை அடக்கியபின், கபுவாவிலிருந்து ரோம் வரையில் ஆறாயிரம் அடிமைகளைச் சிலுவைகளில் அறைந்ததும் இதே சாலையில்தான்; கணக்கிட்டால் மைலுக்கு நாற்பது பேருக்குக் குறையாது. இவ்வழகை வியக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கும் நெஞ்சில் வந்து நிற்கிறது.

இச்சாலை செல்லும் தெராச்சினா என்ற ஊரில் மலை கடலுக்குள் இறங்கி வழியை மறிக்கிறது. மேலேறி இறங்கிய பழைய வழியின் சிரமத்தைப் போக்க, திராஜன் சக்கரவர்த்தியின் காலத்தில் மலையடியைச் செங்குத்தாக வெட்டினார்கள். வெட்டிய ஆழத்தைப் பத்துப் பத்து அடியாகப் பாறையிலேயே பொறித்து வந்தார்கள். ஒருபுறம் அலையோசை கேட்க, அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து இறங்கி வரும் அவ்வெண்கள் சாலையருகே 120-இல் முடிவதைக் காணலாம்.

ரோமானியர் 'மூன்றாம் கல்லில்' என்றால் மூன்றாம் மைலில் என்று பொருள். நம் நாட்டுப் பெரியவர்களும் 'ஊருக்கு இன்னும் இரண்டு கல்' என்றே சொல்லி வந்தார்கள். ஒருவரிடம் ஒருவர் கற்றதன்று இது. களைத்து நடப்பவனுக்குத் தூரம் தெரியாது, கல்தான் தெரியும். நமக்குக் காதம் என்ற சொந்த அளவும், அதனைப் பொறித்த கற்களும் இருந்தன. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்பதை எழுத்தாலும் எண்ணாலும் குறித்ததோடு அமையாமல், பத்துக்கு ஒரு பெரிய குழியும் ஒன்றுக்கு ஒரு சிறிய குழியுமாகக் குடைந்தும் காட்டுகிறது. ரோமானியத் தூண்களில் சக்கரவர்த்தியின் பட்டங்களே முன்னிற்க, எழுத்தறியாதவன் விரலால் தடவி அறியட்டும் என்று கருதிய இக்கல்லே என் மனத்திற்கு மேலானது. இன்று கிலோமீட்டரைக் காட்டி நிற்கும் கல்லையும் நாம் மைல் கல் என்றே அழைக்கிறோம்.

பிரிந்திசியில், சாலையின் முடிவைக் குறிப்பதாகச் சொல்லப்படும் இரட்டைத் தூண்களில் ஒன்று துறைமுகத்தை நோக்கி நிற்கிறது. மற்றதற்குப் பீடம் மட்டுமே மிச்சம். அதற்கப்பால் கடல். கால் பதிக்கவே இயலாத அந்த நீர்ப்பரப்பிலும் மாலுமிகள் தூரத்தை மைலாலேயே அளக்கிறார்கள்.