மூடிமேல் ஓர் எருமை

எங்கள் வண்ணாரப்பேட்டையில் ஒரு சாவு விழுந்து, உடலை எரிப்பதென்றால் மண்பாண்டம் இல்லாமல் காரியம் ஆகாது. முன்னே போகும் தீச்சட்டி, மூலக்கொத்தளத்தில் கொள்ளி வைப்பவன் தோளில் துளைபட்டு ஒழுகும் குடம், மறுநாள் எலும்பு பொறுக்கும் கலயம். குடம் உடைகிறது, கலயம் காசிமேட்டுக் கடலோடு போகிறது. ஒரு சில்லுகூட வீட்டுக்குத் திரும்பாது. திரும்பக்கூடாது என்பதுதான் நம்மவர் எண்ணம்.

நீலகிரியின் பழங்குடிகள் வேறு விதமாக நினைத்திருக்கிறார்கள். மலைமுகடுகளில் வட்டமாகக் கல்லடுக்கி, எரிந்த எலும்புகளோடு உயரமான சாடிகளைப் புதைத்தார்கள். சாடியின் மூடிமேல் பொம்மைகள்: எருமை, மயில், குதிரை வீரன், பெண். நீலகிரியின் முதல் கமிஷனரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பல குழிகளைத் தோண்டினார். 1872-இல் அவர் இறந்துபோக, மறு ஆண்டு லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. அவர் திரட்டியவை எழும்பூர் மியூசியத்துக்கு வந்தன. அந்த இடத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இறந்தவனுக்கென்று கொடுத்ததை எடுத்து அலமாரியில் வைப்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. வைத்திராவிட்டால் நான் பார்த்திருக்கவும் முடியாது.

மனித உருவங்களில் அழகு குறைவு. மண்ணைக் கிள்ளி மூக்கு, உருட்டி ஒட்டிக் கண். எருமையிடம் வந்ததும் கை நிதானப்பட்டுவிடுகிறது. கொம்பின் வளைவு சரியாக இருக்கிறது. சிலவற்றின் கழுத்தில் மணிகூட உண்டு.

எருமையைக் கண்டு, இவை தோடர்களின் முன்னோர் செய்தவை என்றார்கள். ஆனால் தோடர் பானை வனைவதில்லை. வனைபவர்கள் கோத்தர் வீட்டுப் பெண்கள். குதிரையும் தோடருக்குச் சம்பந்தமில்லாதது. ஆகவே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் 1906-இல் தோடரைப் பற்றி நூல் எழுதிய ரிவர்ஸ் ஒன்று சொல்கிறார்: சாவுச் சடங்கில் பலியாகும் எருமைக்கு மணி கட்டுவார்கள். மறுவுலகிலும் பால் வேண்டுமல்லவா? எருமை கூடப் போகிறது.

மெக்சிகோவின் கரையோரம் ஹைனா என்ற சிறு தீவு. சுமார் 600-க்கும் 900-க்கும் இடையில் மாயர்கள் அங்கே பிணத்தோடு களிமண் பொம்மைகளைப் புதைத்தார்கள். தறியில் உட்கார்ந்த பெண், பந்தாட்டக்காரன், அலங்கார உடைப் பிரபு என்று முகம் முகமாக, நம் கொலுப் பொம்மைகள் வெட்கப்படும் நயத்தில். அவர்களுக்கு மனிதன் துணை, நீலகிரியானுக்கு எருமை. ஹைனாவின் பொம்மைகளில் பல ஊதல்கள், சில கிலுகிலுப்பைகள். இங்கே கழுத்தில் மணி, அங்கே முதுகில் ஊதும் துளை. போகிறவன் சத்தமில்லாமல் போவதை இரண்டு கூட்டமும் விரும்பவில்லை போலிருக்கிறது. நம் தெருவில் பறை முழங்குகிற மாதிரி.