மாதர் சங்கம்: ஒரு பெயரும் அதன் வரலாறும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள விழிஞ்ஞம், பாண்டியர் செப்பேடுகளில் இடம்பெறும் பழந்துறைமுகம் ஆகும். அங்கிருந்து கடற்கரையை ஒட்டியே தென்கிழக்காகச் சென்றால் மாநில எல்லையைக் கடந்து குளச்சலை அடையலாம். 1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களும் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கியது. விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. 1981-இல் சென்னையில் தோற்றுவிக்கப்பெற்ற அனைத்திந்தியப் பெண்கள் அமைப்பு ஒன்று, எல்லையின் அப்பக்கத்தில் 'ஜனாதிபத்ய மகிளா அசோசியேஷன்' எனவும், இப்பக்கத்தில் 'ஜனநாயக மாதர் சங்கம்' எனவும் வழங்குகிறது. அமைப்பு ஒன்று, கொள்கை ஒன்று. பெயரில் மட்டும் ஒரு சொல்லும் ஒத்துவரவில்லை.

மலையாளப் பெயரில் 'அசோசியேஷன்' என்ற ஆங்கிலச் சொல் அப்படியே நிற்கிறது. தமிழிலோ அவ்விடத்திற்கு ஏற்கெனவே ஒரு தொடர் ஆயத்தமாக இருந்தது. 'மாதர் சங்கம்' என்னும் அத்தொடர் 1981-இல் ஆக்கப்பட்டதன்று. இடதுசாரி இயக்கம் தோன்றுவதற்கும் முற்பட்டது. அது யாருடைய பெயராகப் பிறந்தது, யார் கையில் வந்து சேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

'மாதர்' என்னும் சொல்லைப் பற்றி முதலில் சிறிது கூறவேண்டும். தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்குக் காதல் என்னும் பொருளையே தருகிறது. பிற்காலத்தில் அது அழகையும், பின்னர் அழகுடைய பெண்ணையும் குறித்து, இறுதியில் பெண்பாற் பன்மைப் பெயராக நிலைத்தது. ஈற்றிலுள்ள 'அர்' பலர்பால் விகுதிபோல் தோன்றுவதும் இம்மாற்றத்திற்குத் துணைசெய்திருக்கலாம். 'மகளிர்' என்பதில் மகள் என்னும் உறவுநிலை உள்ளது; 'பெண்டிர்' என்பது இல்வாழ்க்கைச் சூழலில் மிகுதியாக வருவது; 'ஸ்திரீ' வடமொழி நூல்வழக்கு. 'மாதர்' என்பதில் உறவுச் சாயலோ மணநிலைச் சாயலோ இல்லை. கைம்பெண்ணும் மணமானவரும் மணமாகாதவரும் ஓரிடத்தில் கூடும் ஓர் அவைக்குப் பெயர் தேடியவர்களுக்கு இது வாய்ப்பான சொல்லாக அமைந்தது எனலாம். பாரதியார் 1905 முதல் சிறிது காலம் ஆசிரியராக இருந்த 'சக்கரவர்த்தினி' போன்ற பெண்கள் இதழ்களின் காலத்திலேயே இவ்வழக்கு நன்கு வேரூன்றியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் 'தமிழ் மாதர் சங்கம்' என்ற பெயரில் ஒரு கூட்டம் இயங்கியது. ஐரோப்பியப் பெண்களும் இந்தியப் பெண்களும் சேர்ந்து நடத்திய உள்ளூர்ச் சங்கம் அது. அதைப் போன்ற வேறு முயற்சிகளும் இருந்தன. சகோதரி சுப்பலட்சுமி (1886-1969) 1912-இல் தொடங்கிய சாரதா லேடீஸ் யூனியன், பெண்களுக்குச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்ததோடு, இளங்கைம்பெண்களின் கல்விக்குப் பொருளும் திரட்டியது. 1911-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம் பெற்ற அவரே குழந்தைப் பருவத்தில் கைம்மை எய்தியவர் என்பதால், இப்பணி அவருக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. எனினும் சங்கத்தின் பெயர் ஆங்கிலத்திலேயே இருந்தது.

மதனப்பள்ளியில் வேறொரு வகைப் பெயரைக் காண்கிறோம். அயர்லாந்தில் 1908-இல் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை நிறுவியோருள் ஒருவரும், அப்போராட்டத்திற்காகச் சிறை சென்றவருமான மார்கரெட் கசின்ஸ், 1915-இன் இறுதியில் இந்தியா வந்து மதனப்பள்ளியில் தங்கினார். அங்குப் பெண்களைக் கூட்டி அவர் நடத்திய அமைப்பு 'அபலா அபிவர்த்தினி சமாஜம்' எனப்பெற்றது. 'அபலா' என்றால் வலிமையற்றவள். இலண்டன் ஹாலோவே சிறையைக் கண்ட ஒரு போராளி தம் சங்கத்திற்கு இப்பெயரை ஏற்றுக்கொண்டது வியப்பளிக்கிறது. அக்காலச் சமூகச் சீர்திருத்த மொழி பெண்ணை இரங்கத்தக்கவளாகவே கண்டது. சங்கத்தின் பெயரும் அப்பார்வையிலிருந்து தப்பவில்லை.

ஜினராஜதாசா என்னும் இலங்கைப் பிரம்மஞானியாரின் மனைவியாகிய டோரதி ஜினராஜதாசாவும் கசின்ஸும் கலந்து பேசியபோது, நாடெங்கும் அமைக்கவேண்டிய பெண்கள் சங்கங்களுக்கு முன்மாதிரியாக அவர்கள் எண்ணியது தமிழ் மாதர் சங்கத்தையே. 1917 மே 8-இல் அடையாற்றில் புதிய சங்கம் தொடங்கப்பெற்றது. அன்னிபெசன்ட் தலைவரானார். அடுத்த மாதமே சென்னை அரசு அவரைக் காவலில் வைத்ததும், செப்டம்பரில் விடுவித்ததும் சங்கத்தின் பெயரை நாடறியச் செய்தன. தமிழில் இது 'இந்திய மாதர் சங்கம்' எனப்பட்டது.

ஆங்கிலப் பெயரை 'விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்' என்று வைத்தனர். 'இந்தியன் விமன்ஸ் அசோசியேஷன்' என வைக்கவில்லை. இந்தியாவில் வாழும் ஐரோப்பியப் பெண்களும் உறுப்பினராக வேண்டும் என்பதே இந்த முன்பின் மாற்றத்தின் நோக்கம். சங்கம்தான் இந்தியச் சங்கம்; அதன் பெண்கள் எந்நாட்டவராகவும் இருக்கலாம். 'இந்திய மாதர் சங்கம்' என்னும் தமிழ்த்தொடரை '[இந்திய மாதர்] சங்கம்' எனவும் 'இந்திய [மாதர் சங்கம்]' எனவும் இருவகையாகப் பிரிக்க இயலும். இரண்டாவது பிரிப்பு ஆங்கிலப் பெயருக்கு நேராவது. ஆனால் தமிழ் பேசுவோர் செவியில் முதலில் படுவது முதற்பிரிப்பே: இந்தியப் பெண்களின் சங்கம். நிறுவியவர்கள் ஆங்கிலத்தில் விலக்கிய பொருளைத் தமிழ்த்தொடர் தானாகவே மீட்டுக்கொண்டது. இது திட்டமிட்டு நிகழ்ந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பெயரடைத் தொடரின் இயல்பே அது. எனினும் பின்னாளில் சங்கத்தில் ஏற்பட்ட தலைமை மாற்றத்தை நோக்கும்போது, தமிழ்ப்பெயர் தன் காலத்தை முந்திக்கொண்டதாகத் தோன்றுகிறது.

சங்கத்தின் கிளைகள் விரைவாகப் பரவின. சமயம், கல்வி, அரசியல், அறப்பணி என்று பணிகள் நான்காக வகுக்கப்பட்டன. ஆனால் கிளைகளில் பெரும்பாலும் நடந்தவை எழுத்தறிவு வகுப்பும் தையலும் முதலுதவிப் பயிற்சியுமே. இவை எளிய பணிகளென ஒதுக்கத்தக்கன அல்ல. வீட்டை விட்டு வெளியே ஒரு பொதுவிடத்தில் வாரந்தோறும் கூடுவதற்குத் தையல் வகுப்பு ஓர் ஏற்புடைய காரணமாயிற்று. அங்கே பேச்சு உள்ளூர் மொழியில் நடந்தது. தலைமையகத்தின் இதழாக 1918 முதல் வெளிவந்த 'ஸ்திரீ தர்மம்' முதன்மையாக ஆங்கிலத்தில் அமைந்து, தமிழ், தெலுங்கு, இந்திக் கட்டுரைகளையும் தாங்கி வந்தது. ஆகவே ஒரே சங்கத்திற்கு இரண்டு மொழிநிலைகள் இருந்தன: மேலே ஆங்கிலம், கீழே தாய்மொழி. வரலாற்று நூல்கள் ஆங்கிலப் பதிவுகளையே மூலமாகக் கொண்டு எழுதப்பட்டமையால், அடையாறே சங்கம் என்ற எண்ணம் வலுப்பட்டது. கிளைகளில் தமிழில் பேசியவர்களின் குரல் அந்நூல்களில் அருகியே கேட்கிறது. இது குறையே.

1917 டிசம்பரில் நிகழ்ந்த தூது பலரும் அறிந்தது. இந்தியச் செயலர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடுவின் தலைமையில் பெண்கள் அவரைக் கண்டு வாக்குரிமை கோரினர். அதன் பின்னணி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. கசின்ஸ் முதலில் பேச விரும்பியது பெண்கல்வியைப் பற்றியே. அரசியல் தொடர்பான கோரிக்கைகளை மட்டுமே செயலர் கேட்பார் என்று விடை வந்தது. அதன் பின்னரே வாக்குரிமை விண்ணப்பத்தில் இடம்பெற்றது. கல்வியைக் கேட்கச் சென்றவர்கள், அலுவலக விதியொன்றின் காரணமாக வாக்கைக் கேட்டுத் திரும்பினர்! பிரிட்டனிலேயே 30 வயது நிறைந்த பெண்களுக்குத் தகுதிக் கட்டுப்பாடுகளோடு வாக்குரிமை கிடைத்தது 1918-இல்தான் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

1919-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாண அவைகளிடமே விட்டது. சென்னை சட்டமன்றம் 1921-இல் பெண்களின் வாக்குரிமையை ஏற்றது. பிரிட்டிஷ் மாகாணங்களுள் இதுவே முதல். திருவிதாங்கூர் அதற்கும் முந்திவிட்டது. சொத்துத் தகுதி நீடித்தமையால் வாக்களிக்கும் உரிமை பெற்ற பெண்கள் மிகச் சிலரே. கிளைகளில் தையல் பயின்றோருள் பெரும்பாலோர்க்கு அவ்வுரிமை எட்டவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

பெண்கள் சட்டமன்ற உறுப்பினராகலாம் என்ற நிலை 1926-இல் வந்தது. மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்தியாயா சிறிய வேறுபாட்டில் தோற்றார். நியமன உறுப்பினராக மாதர் சங்கம் முன்மொழிந்த பெயர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, ஆண்கள் கல்லூரியில் பயின்று, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் 1927-இல் அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். 1927 நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது, அது அவருக்கு ஏட்டறிவான செய்தியன்று. தேவதாசியர் சிலர் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் சுட்டி எதிர்த்து விண்ணப்பம் அளித்தனர். அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை: சட்டம் வந்தபின் மானிய நிலத்தின் நிலை என்ன, இசையும் நடனமும் யார் கைக்குப் போகும் என்னும் வினாக்களுக்குச் சீர்திருத்தவாதிகள் முழுமையான விடை தரவில்லை. 1929-இல் மானிய நிலங்கள் தொடர்பான சட்டத்திருத்தம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடுக்கும் சட்டம் 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

முத்துலட்சுமி 1930-இல், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து உறுப்பினர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டில் தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் மூவர், விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டு அவர் வீட்டிற்கு வந்தனர். அடையாற்றில் ஔவை இல்லம் தோன்றியது அவர்களுக்காகவே. 'அபலா' என்ற பெயரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில், இரங்கத்தக்கவளின் பெயருக்கு மாறாக, மன்னர்க்கும் அறிவுரை கூறிய புலவரின் பெயர் ஓர் அடைக்கல இல்லத்திற்கு இடப்பட்டது. 

இதே காலத்தில் மாதர் சங்கத்தின் வழக்கிற்கு வெளியேயும் பெண்கள் பேசினர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தம் சொந்த வாழ்விலிருந்து எடுத்த செய்திகளைக் கொண்டு 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை வெளியிட்டார். சுயமரியாதையாளர் எழுத்தில் 'பெண்' என்னும் சொல்லே முன்னின்றது. 'பெண் விடுதலை' என்று கூற இயலும். 'மாதர் விடுதலை' என்பது எங்கோ சற்று ஒப்பனை பூசியதுபோல் ஒலிக்கிறது. 

கசின்ஸின் முயற்சியால் 1927 ஜனவரியில் புனேயில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாடு, பின்னர் நிலையான அமைப்பாகி, தாய்ச்சங்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. அதன் கூட்டம் 1935 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. திருவிதாங்கூர் அரசரின் தாயார் சேது பார்வதிபாயி தலைமை வகித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் சாங்கர் கருத்தடையை ஆதரித்துப் பேசினார். கத்தோலிக்க உறுப்பினர் எதிர்த்தனர். கடும் வாதத்தின் பின் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைப்பேற்றைப் பற்றி அரண்மனை நகரில் இவ்விவாதம் நடந்தபோது, அங்கிருந்து சில மணி நேர நடைத் தொலைவில், கத்தோலிக்கரும் இசுலாமியரும் நெருங்கி வாழும் விழிஞ்ஞம் கடற்கரை இருந்தது. மாநாடு விழிஞ்ஞத்தைப் பேசிற்று. விழிஞ்ஞம் மாநாட்டில் பேசவில்லை.

விடுதலைக்குப் பின், சமுதாய வளர்ச்சித் திட்டங்களின் வழியாக ஊர்தோறும் பெண்கள் அமைப்புகள் உருவாயின. தமிழ்நாட்டில் அவை மாதர் சங்கம், மகளிர் மன்றம் எனவும், கேரளத்தில் மகிளா சமாஜம் எனவும் வழங்கின. 1975-ஆம் ஆண்டு அனைத்துலக மகளிர் ஆண்டு என அறிவிக்கப்பட்டதையடுத்து அரசு வழக்கில் 'மகளிர்' முதன்மை பெற்றது. 1983-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகியவை இதற்குச் சான்று. அரசு கைவிட்ட 'மாதர்' என்னும் சொல்லை இடதுசாரி அமைப்பு தக்கவைத்துக்கொண்டது. அடையாற்றுப் பிரம்மஞானியர் சூழலில் வளர்ந்த பெயர் இன்று செங்கொடி ஊர்வலத்தின் பதாகையில் காணப்படுவது, சொற்களுக்குத் தம்மைப் படைத்தோரிடம் நன்றிக்கடன் இல்லை என்பதைக் காட்டுகிறது.

கடற்கரைப் பெண்கள் எந்தப் பெயருக்காகவும் காத்திருக்கவில்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் திருவனந்தபுரம் கடலோரப் பெண்களைப் பேருந்துகளில் ஏற்ற மறுத்தனர். மீன்கூடையின் வாடையே காரணமாகக் கூறப்பட்டது. பல மைல்கள் நடந்து சந்தைக்குச் சென்ற அவர்கள் ஒன்றுகூடிப் போராடியதன் விளைவாக, 1980-களில் மீன் விற்கும் பெண்களுக்கெனத் தனிப் பேருந்துகள் விடப்பட்டன. விடியுமுன் கரைக்கு வரும் வண்டியில் கூடைகளை அடுக்கி, அவர்கள் நகரச் சந்தைகளுக்குச் சென்றனர்.