ஏட்டைக் காத்தல்: கணனியின் முகவரி அட்டவணையும் சப்பிரகமுவத் தோட்டப் பதிவுகளும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் தொழிலாளியின் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போனவரின் பெயருக்கு எதிரே செக்ரோலில் விழும் குறியே அவரது நாட்கூலி. எடை குறைந்தால் அது 'அரைப் பேர்' ஆகிவிடும். உழைப்பு முழுமையாக நிகழ்ந்திருப்பினும் ஏட்டின் வரி பிழைத்தால் கூலி இல்லை. பெயரையும் பொருளையும் இணைக்கும் ஏட்டை எழுதுவோர் யார், அதன் பிழையைக் கண்டறியக்கூடியோர் யார் என்னும் இவ்வினா, கணனிச் செயலிகளை வடிவமைப்போரும் ஏறத்தாழ அறுபதாண்டுகளாக எதிர்நோக்கி வரும் வினாவாகும். அவர்கள் கண்ட விடைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து, அவ்வொளியில் தோட்டப் பதிவுகளின் வரலாற்றை நோக்க இக்கட்டுரையில் முற்படுகின்றோம்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணனி 1962 இல் இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு செய்நிரல் தனக்குத் தெரிந்த முகவரியைக் கூறும். அதற்குரிய பக்கம் உண்மையில் எங்கே உள்ளது என்பதை இயந்திரமே பார்த்து மாற்றிக்கொள்ளும். செய்நிரல் மெய்யான இடத்தை ஒருபோதும் காண்பதில்லை. பின்வந்த கணனிகளில் நினைவகம் பெருகவே, இம்மாற்றத்துக்கான அட்டவணைகளும் பெருகி, அந்த நினைவகத்துக்குள்ளேயே இடம்பெறலாயின. 1985 இல் வெளிவந்த இன்டெல் 80386 செயலி, 4096 பைட் அளவான பக்கங்களைக் கொண்ட இம்முறையைச் சிறு கணனிகளுக்கும் கொண்டுவந்தது. களஞ்சியத்தை ஆளும் ஏடு அக்களஞ்சியத்துள்ளேயே வைக்கப்பட்டது. பிற்கால இடர்கள் யாவும் இம்முரண்பாட்டிலிருந்தே முளைத்தன எனலாம்.

முதலில் கண்ட காவல் அதிகாரம் சார்ந்தது. பணிசெயல் முறைமையின் மையப்பகுதி மட்டுமே அட்டவணையை எழுதலாம். ஏனைய செய்நிரல்கள் அதனைத் தொடவியலாது. எழுதும் கையை ஒன்றாக்கிவிட்டால் ஏடு பழுதுறாது என்பதே இதன் அடிப்படை நம்பிக்கை.

2014 இல் இந்நம்பிக்கை தகர்ந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூங்கு கிம், ஒனூர் முத்லு முதலானோர் 129 நினைவகத் தொகுதிகளைச் சோதித்தபோது 110 தொகுதிகளில் ஒரு பொதுக் குறையைக் கண்டனர். நினைவகக் கலங்கள் மின்னேற்றத்தைத் தேக்கி வைப்பவை. அவை மிக நெருங்கி அமைந்துவிட்டமையால், ஒரு வரிசையை இடையறாது படித்தாலே அயல் வரிசையின் மின்னேற்றம் கசிந்து பிட் ஒன்று புரண்டுவிடும். அங்கு எவரும் எதனையும் எழுதுவதில்லை. எனினும் எழுத்து மாறுகின்றது. 2015 இல் கூகிள் நிறுவனத்தின் மார்க் சீபோர்ன், தோமஸ் டுலியன் ஆகியோர் இதன் விளைவை மெய்ப்பித்தனர். அட்டவணையின் ஒரு பதிவில் ஒரேயொரு பிட் புரண்டு அப்பதிவு அட்டவணையையே சுட்டுமாயின், சாதாரணச் செய்நிரல் தன் ஏட்டைத் தானே எழுதி நினைவகம் முழுவதையும் கைக்கொள்ளலாம்.

இதன்பின் காவல் பற்றிய சிந்தனை இரு படிகள் முன்னேறியது. ஒன்று, சரிபார்த்தல். 2023 இல் முன்வைக்கப்பட்ட ஒரு முறையில், அட்டவணைப் பதிவுகளில் பயன்படாதிருக்கும் பிட்களில் ஒரு மறைக்குறி இடப்படுகின்றது. பதிவைப் படிக்குந்தோறும் செயலி அக்குறியை ஒப்புநோக்கும். மற்றையது, எழுதுபவரையே ஐயுறுதல். ஒரே இயந்திரத்தைப் பலருக்கு வாடகைக்குப் பகிர்ந்தளிக்கும் இன்றைய முறையில் இயந்திரத்தின் மேலாளரே அட்டவணையை மாற்றிவிடலாம். 2021 இல் வெளிவந்த ஏஎம்டி செயலிகளில் ஒவ்வொரு பக்கமும் யாருடையது எனக் கூறும் எதிர் அட்டவணை ஒன்று உள்ளது. குடியிருக்கும் செய்நிரல் ஏற்று உறுதிசெய்த பக்கத்தை மேலாளர் இடம் மாற்றினால் அவ்வுறுதி அற்றுப்போகும். குடியிருப்பவருக்கு அது தெரியவரும்.

தோட்டப் பதிவுகளின் வரலாறோ முதற் படியிலேயே நின்றுவிட்டது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' எனும் சீட்டே தொழிலாளியின் இடத்தைத் தீர்மானித்தது. அதில் எழுதப்பட்ட கடன்தொகையைச் செலுத்தும் தோட்டம் கங்காணியின் ஆட்களைப் பெற்றுக்கொண்டது. தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் கடமையைச் சட்டம் துரையிடம் வைத்தது. பெருமாயி ஓரேட்டில் பெருமாள் எனப் பதிவானால், புரண்டது ஓரெழுத்தே. ஆயின் அவ்வேட்டை ஒப்புநோக்கும் மறுபிரதி அவளிடம் இல்லை.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. மணமானோர் ஏழாண்டு, மணமாகாதோர் பத்தாண்டு தொடர்ந்து வசித்தமையை நிறுவினால் உரிமை பெறலாம் என 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விதித்தது. நிறுவும் சுமை தொழிலாளி மீதும், நிறுவுதற்குரிய ஏடுகள் தோட்டக் கந்தோரிலும் இருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பிக்கப்பட்டும் உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. இது எழுதுவோரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. உழைப்பை இருத்திக்கொண்டு உழைப்பவரின் வாக்கை நீக்கும் வர்க்க நலனுக்கு இவ்வேட்டுமுறை இசைவாயிருந்தது.

கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லையிலிருந்து 1936 இல் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது லங்கா சமசமாசக் கட்சி. 1948 இன் சட்டத்தை அக்கட்சி எதிர்த்து நின்றது. 1964 ஒக்டோபர் 30 இல் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோதோ அது அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது. இடதுசாரிகளாகிய நாம் இதனை மறைத்தல் தகாது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் தாக்கப்பட்டபோது லயங்கள் எரிந்தன. தகரப் பெட்டியில் வைத்துக் காத்த பத்திரம் தீக்கிரையானால், அதனை மீளப்பெற மீண்டும் கந்தோரையே நாடவேண்டியிருந்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை வழங்கிய சட்டம் 2003 இலேயே வந்தது.

நினைவகப் பக்கத்துக்குப் பசியில்லை, அது போராடுவதுமில்லை. ஆதலின் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. ஆயினும் பொறியியலாளர் 2014 இன் பின் உணர்ந்துகொண்டது ஒன்றை நாமும் வற்புறுத்தலாம்: ஏட்டைப் பூட்டிவைத்தல் காவலாகாது; ஏட்டில் எழுதப்பட்டவர் தாமே அதனைச் சரிபார்க்க இயலுவதே காவல். லயன் காம்பராவுக்குத் தனி முகவரியின்றிக் கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்துசேரும் இடங்கள் இன்றும் பல. அக்கதவுகளுக்கு இலக்கமும், அங்கு வாழ்வோர் கையில் தம் பதிவின் பிரதியும் வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கை அன்று; அவர்களைப் பற்றிய ஏட்டின் மீது அவர்களுக்குள்ள உரிமையாகும்.