பனாட்டு

பனாட்டு என்பது பனம்பழத்தின் களியைப் பிழிந்தெடுத்து, பாயில் ஊற்றி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படும் ஓர் உணவுப் பொருள் ஆகும். பினாட்டு என்றும் இதனை அழைப்பர். இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனை அண்டிய வடபகுதிகளிலும் இது நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வருகிறது. ஓரிரு மாதங்களே கிடைக்கும் பழத்தை ஆண்டு முழுவதற்குமான உணவாக மாற்றும் முறை இது.

பருவம்

பனையில் ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக உள்ளன. பெண் பனையே காய்க்கும். இளங்காயில் நுங்கு உண்ணப்படுகிறது. வெட்டப்படாமல் விடப்படும் காய்கள் முற்றிப் பழுத்து, பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களில் தாமாகவே விழுகின்றன. விழுந்த பழம் சில நாட்களுக்குள் பழுதடைந்துவிடும். வண்டும் புழுவும் விரைவில் பற்றிக்கொள்ளும். மறுபுறத்தில், குடாநாட்டுக்குப் பெருமழையைத் தரும் வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்குகிறது. எனவே பழம் விழுவதற்கும் மழை தொடங்குவதற்கும் இடைப்பட்ட குறுகிய வெயிற் காலத்திலேயே பனாட்டுச் செய்து முடிக்கப்பட வேண்டும்.

செய்முறை

இரவில் விழும் பழங்களை விடியற்காலையில் பொறுக்குவது பெரும்பாலும் சிறுவர்களின் வேலையாக இருந்தது. பழத்தின் காம்புப் பகுதி நீக்கப்பட்டு, கரிய மேற்றோல் உரிக்கப்படும். ஒரு பழத்தில் பொதுவாக மூன்று கொட்டைகள் வரை இருக்கும். அவற்றைப் பிரித்து, சிறிதளவு நீர் தெளித்துக் கையால் பிசைந்து பிழிந்தால், தும்பிலிருந்து செம்மஞ்சள் நிறமான களி பிரியும். அதனை வடித்துத் தும்பை நீக்குவர்.

கால்கள் நட்டு அமைத்த பரண் மீது பனையோலைப் பாய் விரித்து, களியை அதன் மேல் மெல்லிய படையாகப் பரப்புவர். அது காய்ந்த பின்னர் அடுத்த படை ஊற்றப்படும். இவ்வாறு பல நாட்கள் தொடர்ந்து ஊற்றிக் காயவிடும்போது, பனாட்டு தோல் போன்று தடித்து வரும். காகம், ஈ, எறும்பு ஆகியவற்றிலிருந்து காப்பதும், மழைக் குணம் கண்டால் பாயை உள்ளே எடுப்பதும் வீட்டிலுள்ள முதியோர் முதல் சிறுவர் வரை அனைவரதும் பொறுப்பாகும். ஈரம் பட்ட பனாட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். பல நாள் உழைப்பும் வீணாகும்.

சேமிப்பும் பயன்பாடும்

நன்கு காய்ந்த பனாட்டைப் பாயிலிருந்து உரித்து, துண்டுகளாக வெட்டி மடித்து, ஓலைப் பெட்டிகளிலோ உமல்களிலோ வைப்பர். அடுப்புப் புகை படும் இடத்தில் உயரக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. பனாட்டை அப்படியே உண்ணலாம். தேங்காய்ச் சொட்டுடன் சேர்த்தும் உண்பர். பனாட்டுத் துண்டுகளைப் பனம் பாணியில் ஊறவைத்துப் பெறப்படுவது பாணிப் பனாட்டு எனப்படும்.

பழக்காலத்தில் எல்லாக் களியும் பனாட்டுக்குச் செல்வதில்லை. பழத்தைச் சுட்டுப் புளி சேர்த்துப் பிசைந்து உண்பதும், களியுடன் மாவும் சீனியும் கலந்து எண்ணெயில் பொரித்துப் பனங்காய்ப் பணியாரம் செய்வதும் அப்பருவத்துக்குரியவை.

களி பிழிந்த கொட்டைகளும் எறியப்படுவதில்லை. அவை பாத்தியில் அடுக்கப்பட்டு, மாரி மழையில் முளைத்துப் பனங்கிழங்கைத் தருகின்றன. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியலும், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியலும் கிடைக்கும். இவ்வாறு பனாட்டுத் தீரும் காலத்தில் அடுத்த உணவு ஆயத்தமாகிவிடும்.

கசப்புத் தன்மை

சில மரங்களின் பழம் இனிப்பாகவும், சிலவற்றின் பழம் கசப்பாகவும் இருக்கும். களியிலுள்ள சப்போனின் வகைச் சேர்மங்களே கசப்புக்குக் காரணம். இவை நீரில் நுரைக்கும் இயல்புடையவை. சவர்க்காரம் அரிதாக இருந்த போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் பனம்பழத்தைக் கொண்டு துணி தோய்த்தமைக்கு இவ்வியல்பே அடிப்படையாகும். எந்த வளவில் எந்த மரத்தின் பழம் பனாட்டுக்கு ஏற்றது என்பதை வீட்டுப் பெரியோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இன்றைய நிலை

1850 இல் வில்லியம் பெர்குசன் இலங்கைப் பனையைப் பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்கு, வடபகுதி மக்களின் வாழ்வில் இம்மரம் இன்றியமையாததாக இருந்தது. பின்னர் அரிசி, கோதுமை மா, சீனி ஆகியவற்றின் பயன்பாடு பெருகியதால் பனாட்டின் தேவை குறைந்தது. 1983 முதல் 2009 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரில் பெருந்தொகையான பனைகள் காவலரண்கள் அமைப்பதற்காக வெட்டப்பட்டன. இடப்பெயர்வாலும் புலம்பெயர்வாலும் குடும்பங்கள் சிதறியமையால், பலர் கூடிச் செய்யும் இவ்வேலைக்கு ஆட்கள் குறைந்தனர்.

1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் உற்பத்திகளை ஊக்குவித்து வருகிறது. பனாட்டு இன்று பொதி செய்யப்பட்டும் விற்கப்படுகிறது. எனினும், பனை காய்க்கத் தொடங்குவதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். பூக்கும் வரை அது ஆணா பெண்ணா என்பதும் தோற்றத்தால் தெரியவராது. ஆகையால் வெட்டப்பட்ட மரத்துக்கு ஈடாக இன்று நடப்படும் விதை, அடுத்த தலைமுறைக்கே பழம் தரும். எந்த மரத்தின் பழம் இனிக்கும், எத்தனை படை ஊற்ற வேண்டும், எந்த மேகத்தைக் கண்டால் பாயை எடுக்க வேண்டும் என்பன போன்ற அறிவு, செய்வோரின் அருகிலிருந்து கற்றுக்கொள்ளப்படுவது.