இரு காரணிக் கோட்பாடு

பணியாளரின் மனநிறைவும் மனக்குறையும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து எழுகின்றன என்று கூறும் உளவியல் கோட்பாடு. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் (1923–2000) இருவருடன் சேர்ந்து எழுதி 1959இல் வெளியிட்ட நூலில் இதை முன்வைத்தார்.

பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கண்டு, வேலையில் மிக மகிழ்ந்த, மிக நொந்த தருணங்களை விவரிக்கச் சொன்னார்கள். மகிழ்ச்சி பற்றிய பேச்சில் சாதனை, பாராட்டு, பொறுப்பு, முன்னேற்றம், வேலையின் சுவை ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன; வருத்தம் பற்றிய பேச்சில் நிர்வாகக் கெடுபிடி, மேலாளரின் போக்கு, சம்பளம், பணிச்சூழல். முன்னவை ஊக்கக் காரணிகள், பின்னவை சுகாதாரக் காரணிகள். குடிநீரைச் சுத்தமாக வைத்தால் நோய் அண்டாது, ஆனால் அதனாலேயே உடல் வலுப்பெறாது. அதுபோலவே சம்பள உயர்வும் முணுமுணுப்பை அடக்குமே தவிர, ஈடுபாட்டைத் தந்துவிடாது என்பது ஹெர்ஸ்பர்க்கின் வாதம்.

ஆகவே வேலையையே செழுமைப்படுத்த வேண்டும் என்றார். 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியர்களைப் பற்றிய சோதனை ஒன்றை விவரிக்கிறார். அவர்கள் தங்கள் பெயரிலேயே கையொப்பமிட அனுமதிக்கப்பட்டார்கள். அனுபவசாலிகளின் கடிதங்களைச் சரிபார்ப்பதும் பெருமளவு குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் தரம் சற்றுச் சரிந்தது. பின்னர் நன்றாகவே உயர்ந்தது.

இக்கோட்பாட்டுக்கு மறுப்பும் எழுந்தது. வெற்றியைத் தன் திறமைக்கும் தோல்வியைச் சூழலுக்கும் ஏற்றிச் சொல்வது மனித இயல்பு. எனவே தருணங்களை விவரிக்கச் சொன்ன ஆய்வுமுறையே ஹெர்ஸ்பர்க்கின் முடிவை உண்டாக்கியிருக்கலாம் என உளவியலாளர் விக்டர் வ்ரூம் சுட்டினார். இது வலுவான மறுப்பு. ஆயினும் வேலையைச் செழுமைப்படுத்தும் எண்ணம் தொடர்ந்தது: 1970களில் ஆய்வாளர்கள் ஹேக்மனும் ஓல்டமும் வேலையின் இயல்புகளையே, குறிப்பாகத் தன்னுரிமையையும் பின்னூட்டத்தையும், அளக்கும் முறையை உருவாக்கினர்.