துரைமார் மைதானமும் தேசிய அணியும்

பேராதனைக்கு வந்த முதல் வருஷம் எங்களில் நாலு பேர் நித்தவெல மைதானத்துக்கு றக்பி பார்க்கப் போனோம். இரண்டு பேர் டிக்கோயா, ஒருத்தர் பதுளை, ஒருத்தர் மாத்தளை. நாலு பேருக்கும் விதி தெரியாது. பந்தைக் கையால் முன்னுக்கு எறியக் கூடாது என்பதையே அரைவாசி மேட்ச் முடிஞ்ச பிறகு பக்கத்தில் இருந்த ஒரு ஐயாதான் சொல்லித் தந்தார். ஊர் எது என்று கேட்டார். டிக்கோயா என்றதும், "அங்க ஒரு காலத்தில பெரிய றகர் டீம் இருந்ததே தம்பி, தெரியாதா?" என்றார்.

தெரியாது. பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி நித்தவெலயில் வைத்து ஒருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சது. அதுக்குப் பிறகு தேடிப் பார்த்ததைத்தான் இங்க எழுதுறோம்.

இலங்கையில் பாடசாலை றக்பி கண்டியில்தான் தொடங்கியது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை ஆரம்பித்த எல்.ஈ. பிளேஸ் அதே வருஷம் மாணவர்களுக்கு இந்த விளையாட்டையும் அறிமுகப்படுத்தினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதியதுதான் பாடசாலைகளுக்கிடையிலான முதல் போட்டி. அது சமநிலையில் முடிந்தது. 1908இல் இலங்கைக்கென்று றக்பிச் சங்கம் வந்தது. ரோயல் கல்லூரிக்கும் திரித்துவத்துக்கும் இடையிலான பிராட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. இவ்வளவும் கண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

சொல்லாத பகுதி மலையில் இருக்கு. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தங்களுக்கென்று கிளப் வைத்திருந்தார்கள். திம்புள்ளக்காரருக்கு ரதல்ல, டிக்கோயா மஸ்கெலியாக்காரருக்குத் தரவளை, ஊவாக்காரருக்குப் பதுளை, கீழே களனிப் பள்ளத்தாக்குக்காரருக்கு அவிசாவளைப் பக்கம் என்று ஆளுக்கொரு மைதானம். மலைநாடு எதிர் தாழ்நாடு என்பது அந்தக் காலத்தில் பெரிய மேட்ச். கொழும்பில்கூட ஐரோப்பியர் கிளப்பில் இலங்கையருக்கு இடமில்லாததால்தான் 1922இல் சீ.ஆர். கழகத்தை இலங்கையர் தனியாக அமைத்தார்கள். கொழும்பில் படித்தவனுக்கே அந்த நிலைமை என்றால் லயத்தில் இருந்தவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இன்றைக்கும் ரதல்ல குறுக்கு வீதியால் போகிற பஸ்ஸில் இருந்து சுற்றுவட்டாரத்தைப் பாருங்க. மலையில் தட்டை நிலம் தானாகக் கிடைக்காது. மேட்டை வெட்டணும், பள்ளத்தை நிரப்பணும், கல் பொறுக்கணும், புல் பதிக்கணும், ரோலர் இழுக்கணும். தோட்டத்தில் அந்த வேலைக்கு யாரைக் கூப்பிட்டிருப்பாங்க? காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து நின்ற எங்க ஆட்களைத்தான். மைதானம் அவர்கள் கையால் உருவானது. விளையாடினது வேற ஆள்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்த வருஷம் 1950. நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பிய பிரித்தானிய லயன்ஸ் அணி அந்த செப்டெம்பரில் கொழும்பில் இலங்கையுடன் விளையாடியது. 44–6 என்று இலங்கை தோற்றது. இலங்கைக்காக ஆடியவர்களில் ஒரு தமிழர் இருந்தார்: சும்மா நவரட்ணம். ரோயல் கல்லூரி மாணவர், சீ.ஆர். கழக வீரர், ஆசியாவிலேயே வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர் என்று பேரெடுத்தவர். ஆகவே தமிழனை அணியில் எடுக்கவில்லை என்று சும்மா எழுதிவிட முடியாது. ஆனால் அந்த மேட்சுக்கு இரண்டு வருஷம் முன்னால்தான், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்தார்கள். நாட்டின் பெயரில் பதினைந்து பேர் களத்தில் இறங்கிய அன்று, மலையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களுக்குத் தேசிய அணி என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்குக் கோபம் வரும். இந்த நாட்டில் றக்பி பெரிய பாடசாலை வழியாகத்தான் வரும். தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆர்வம் வருவதற்கு முதலில் பந்தைக் கண்ணால் காணணும்.

அதே காலத்தில்தான் துரைமாரும் போனார்கள். காணிச் சீர்திருத்தத்தால் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. மலையகக் கிளப்புகள் ஒவ்வொன்றாக லீக்கில் இருந்து மறைந்தன. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எங்க சொந்தக்காரர் பலர் கப்பலேறியதும் இந்தக் காலத்தில்தான். மைதானத்தை வைத்திருந்தவனும் போனான், மைதானத்தை வெட்டியவனும் போனான். எஞ்சியது புல்.

மலையிலிருந்த பழைய கிளப்புகளில் கண்டி மட்டும் தப்பியது. தப்பியது என்ன, 1990களிலிருந்து லீக்கையே கைக்குள் வைத்திருக்கிறது. கண்டிக்கு நகரம் இருந்தது, நகரத்துக்குள் பாடசாலைகள் இருந்தன. தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய ஃபாசில் மரிஜா கிங்ஸ்வூட் மாணவர். சிறுபான்மைப் பிள்ளைக்கும் கதவு திறக்கும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அந்தக் கதவு டவுனுக்குள் இருக்கு.

இந்த அணி சர்வதேசத்தில் எங்கே நிற்கிறது? 1974இல் கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதிவரை போய் ஜப்பானிடம் தோற்றது. 2010இல் ஆசிய முதலாம் பிரிவை வென்று அடுத்த வருஷம் மேல் பிரிவுக்குப் போனது. அங்கே ஜப்பான் 90–13 என்று அடித்தது. திரும்பக் கீழே வந்தது. 2023இல் அரசியல் தலையீட்டால் உலக றக்பி அமைப்பே இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024இல் கொழும்பில் மீண்டும் முதலாம் பிரிவு வெற்றி, 2025இல் மீண்டும் மேல் பிரிவு. உலகக் கிண்ணத்துக்கான ஆசிய டிக்கெட்டை அந்த முறை ஹொங்கொங் கொண்டுபோனது. உலகக் கிண்ணத்தில் இலங்கை இன்னும் ஒரு தடவைகூட ஆடியதில்லை.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் சரியில்லை, நிர்வாகம் சரியில்லை, வீரர்களுக்கு உடல் பருமன் போதாது என்று பேச்சு வரும். எல்லாத்திலும் உண்மை இருக்கலாம். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய பாடசாலைகளில் இருந்தே ஒரு நாடு அணி தேடுகிறது என்பதை ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை? காலையில் மூட்டையோடு மலையேறுகிற குடும்பத்துப் பிள்ளையிடம் மூச்சும் காலும் இல்லையா?

உங்க வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ரதல்லயில், தரவளையில், வேற எந்தத் துரைமார் மைதானத்திலாவது வேலை செய்திருந்தால் கேட்டுப் பாருங்க. ரோலர் இழுத்தாங்களா, புல் வெட்டினாங்களா, மேட்ச் நடக்கும்போது எங்க நின்று பார்த்தாங்க, அந்த நாளுக்குப் பேர் போட்டாங்களா அரைப்பேர்தானா? ஞாபகம் இருக்கிறவங்க இருக்கும்போதே எழுதி எங்களுக்கு அனுப்புங்க.