அட்டவணையும் பிரிவும்: இணையப்பக்க அமைப்பின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

இணையப்பக்கத்தை அட்டவணை கொண்டு அமைப்பதா, 'டிவ்' எனப்படும் பிரிவுக்குறி கொண்டு அமைப்பதா என்ற விவாதம் 1990களின் பிற்பகுதியில் மேலைநாட்டு வடிவமைப்பாளரிடையே எழுந்தது. அது அவர்தம் தொழிற்பூசல் என்றே பெரிதும் கருதப்படுகின்றது. தமிழ் வாசகனை, அதிலும் கொழும்புத் தமிழ் வாசகனை நடுவே நிறுத்தி நோக்குமிடத்து அதன் தன்மை வேறாகின்றது.

ரிம் பேர்னர்ஸ்-லீ ஆக்கிய எச்.ரி.எம்.எல். மொழி, ஓர் ஆவணத்தின் தலைப்பு, பந்தி, பட்டியல் என்பவற்றை இனங்காட்டவே எழுந்தது. தோற்றம் அதன் முதற் கவலையன்று. 1995 இல் நெற்ஸ்கேப் உலாவி அட்டவணையை ஏற்றது. எண்களை நிரைப்படுத்த வந்த கட்டங்களுக்குள் வடிவமைப்பாளர் பக்கம் முழுவதையுமே அடுக்கத் தலைப்பட்டனர். டேவிட் சீகல் 1996 இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரப்பிற்று. இதனை அறியாமை என ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது. பக்கம் என்றால் பத்திகள் என்பதே அச்சு தந்த பழக்கம். 1930 இல் தோன்றிய வீரகேசரியையும் 1932 இல் தோன்றிய தினகரனையும் வாசித்துப் பழகிய கண்ணுக்கும் அதுவே இயல்பு. ஹோகன் வியும் லீ 1994 இல் முன்மொழிந்த சீ.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறை 1996 டிசம்பரில் விதந்துரைக்கப்பட்டதெனினும், 1997 இன் நெற்ஸ்கேப் 4 அதனைக் குறைபாடுகளுடனேயே கையாண்டது. அட்டவணையன்றி நம்பத்தகுந்த கருவி அன்று வேறிருக்கவில்லை.

ஆயின் தமிழுக்கு இக்கருவி தனியான தொல்லையொன்றைத் தந்தது. யுனிகோட் பரவுமுன் இலங்கையில் பாமினி முதலிய எழுத்துருக்களே வழக்கிலிருந்தன. இவற்றில் தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளிந்து நின்றது. எழுத்துரு பொருந்தாவிடின் வாசகன் காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. அன்றைய நெற்ஸ்கேப்பில் அட்டவணைக்கு வெளியே விதித்த எழுத்துரு கட்டங்களுக்குட் செல்லாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்துருப் பெயரை மீள மீள எழுதவேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில் அது விடுபட்டால் அக்கட்டத்துச் செய்தி தமிழாகவே இராது. ஆங்கிலப் பக்கத்தில் இதே தவறு அழகை மட்டுமே குலைத்தது. நடைத்தாளிலோ எழுத்துருவை ஓரிடத்திற் கூறினாற் போதும்.

இதன் சுமை யார்மீது விழுந்தது? 1983 ஜூலை வன்செயலின் பின்னர் புலம்பெயர்ந்தோர் தொகை பெருகியது. வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் 'கொமியூனிக்கேசன்' எனப்பட்ட தொலைபேசி நிலையங்கள் அவர்தம் உறவினரால் வாழ்ந்தன. 1995 இல் இலங்கைக்கு வணிக இணையச் சேவை வந்தது. பின்னர் இந்நிலையங்கள் பலவற்றிற் கணினியும் இடம்பெற்றது. கட்டணம் நேரக் கணக்கில். இணைப்போ தொலைபேசிக் கம்பிவழி. அட்டவணையின் அகலத்தைக் கணிக்க அதன் உள்ளடக்கம் முழுவதும் வந்துசேர வேண்டுமாதலால், ஒரே பேரட்டவணையுள் அடங்கிய பக்கம் நெடுநேரம் வெறுமையாகவே நிற்கும். ஊர்ச்செய்தி தேடியவர் அவ்வெறுமைக்கும் பணஞ் செலுத்தினார்.

கண்பார்வையற்றோர் நிலை இன்னுங் கடினமானது. திரைவாசிப்பு மென்பொருள் பக்கத்தை மூலக் குறிகளின் வரிசையிலேயே வாசிக்கின்றது. வலப்பத்திச் செய்தியின் முன் இடப்பத்தி இணைப்புகள் அனைத்தையும் கேட்கவேண்டியேற்பட்டது. வரிசைப்படுத்தி வாசிக்கும்போது பொருள் தராத அட்டவணையைப் பக்க அமைப்புக்குப் பயன்படுத்தலாகாதென 1999 மே மாத அணுகல் வழிகாட்டி கூறியது.

2003 இல் ஜெப்ரி செல்ட்மனின் நூலும், டேவ் ஷேயின் 'சீ.எஸ்.எஸ். சென் கார்டன்' தளமும் டிவ் முறைக்கு வலுச்சேர்த்தன. எனினும் டிவ் தன்னளவிற் பொருளேதுமற்ற வெற்றுப் பெட்டி. அட்டவணையை வெறுத்த ஆர்வத்தில் புகையிரத நேரசூசியையும் பரீட்சைப் பெறுபேற்றையும் டிவ்களாற் கட்டியோர் பழைய தவற்றைத் தலைகீழாகச் செய்தோராவர். நிரையும் நிரலும் பொருள்தரும் இடத்தில் அட்டவணையே தக்கது. பத்திகளை அமைக்க உரிய கட்டவலை முறை முதன்மை உலாவிகளிற் பரவலாகியது 2017 இலேயே.

போர்க்காலத் தமிழிணையத்தின் பாமினிப் பக்கங்களை இன்று கைப்பேசியில் திறந்தால் எழுத்தும் இல்லை, பத்தியும் திரைக்குள் அடங்குவதில்லை. அவற்றை ஆவணப்படுத்துவோர் எழுத்தை யுனிகோடுக்கு மாற்றிய பின்னரும், எந்தக் கட்டம் எதன் தொடர்ச்சி என்பதைக் கையாலேயே பிரித்தறிய வேண்டியுள்ளது.